குழி தோண்டிய பாறை

ஏரிக்கரைக் காட்டில் வாகீசன் என்றொரு நீர்நாய் வாழ்ந்தது. வழக்கு என்று வந்தால் வசதியுள்ள மிருகங்கள் எல்லாம் அதைத்தான் தேடிப் போகும்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. கிழங்குக்காகக் குழி தோண்டியவர், கிழங்கை எடுத்ததும் குழியை மூடிவிட வேண்டும். மூடாத குழியில் யாராவது விழுந்தால், தோண்டியவர் மருத மரத்தடிக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். அங்கே நியாயம் சொல்வது செங்கோடன் என்ற கிழட்டுக் காட்டெருமை.

ஏரியின் நடுவே ஒரு திட்டு இருந்தது. அதில் ஒரு கரும்பாறையைத் தவிர வேறு எதுவும் இல்லை. யாரும் குடியில்லாத இடம் என்பதால் காட்டின் சட்டம் கரையோடு நின்றுவிடும்.

கோரன் என்ற காட்டுப்பன்றிக்குக் கிழங்கு வேண்டும். மண்ணைத் தள்ளி மூடுகிற வேலை வேண்டாம். ஒருநாள் அதன் குழியில் முயல்குட்டி ஒன்று விழுந்து செத்தது. கோரன் வாகீசனிடம் ஓடியது.

"வக்கீலய்யா, நீங்கதான் காப்பாத்தணும்!"

"பதறாதேய்யா. அந்த நிலமும் உன்னுது இல்லை, குழியும் உன்னுது இல்லை. எல்லாம் திட்டுல இருக்கிற பாறையோடது. நீ பாறைகிட்ட வேலை பாக்கிற கூலியாள், அவ்வளவுதான்!"

"அதையெல்லாம் பாறைக்கு எப்ப கொடுத்தேன்னு கேட்டா?"

"போன மழைக்கு முன்னாலயே கொடுத்துட்டேன்னு சொல்லு."

"பாறைக்கு ஏதுய்யா வாய்?"

"அதனாலதான் பாறை! அது பேசாது, மரத்தடிக்கு வராது, செத்தும் போகாது. ஆனா ஒண்ணு. அந்தக் குழிகள்ல இனி ஒரு பிடி மண்ணைக்கூட நீ தள்ளக் கூடாது. தொட்டா, உன்னுதுன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அப்போ கிழங்கு?"

"பாறைக்குத் தின்னத் தெரியாதே! அதுக்குப் பதிலா நீ தின்னு."

கோரன் விழுந்து விழுந்து சிரித்தது. தோண்டும்போது அகப்படும் நண்டெல்லாம் இனி வாகீசனுக்கு என்று பேச்சு முடிந்தது.

மருத மரத்தடியில் கூட்டம் கூடியது.

"தோண்டியது யார்?" என்று கேட்டது செங்கோடன்.

"பாறை, ஐயா!" என்றது வாகீசன்.

கூட்டம் சிரித்தது. வாகீசன் சிரிக்கவில்லை. நிலம் யாருடையது, சட்டம் எதுவரை செல்லும், கூலியாள் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னது. சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. செங்கோடன் தலையைத் தொங்கப் போட்டது. பேச்சில் எங்கோ ஓட்டை இருப்பது அதற்குத் தெரிந்தது. எங்கே என்று சொல்லத் தெரியாததால் கோரனை விட்டுவிட்டது.

தாய் முயல் முன்னே வந்தது.

"செத்தது என் பிள்ளை. அந்தப் பாறை வந்து எனக்குப் பதில் சொல்லுமா, வக்கீலய்யா?"

வாகீசன் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. "திட்டுக்குப் போய் நீயே கேட்டுக்கோம்மா" என்றது.

நாரைகள் இறக்கையைத் தட்டி ஆரவாரம் செய்தன. இப்படிப்பட்ட பேச்சுக்குக் கைதட்ட எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். முயல் மட்டும் எதையும் மறக்கவில்லை.

அதன்பிறகு கரடி வந்தது, முள்ளம்பன்றி வந்தது. எல்லாருக்கும் அதே பாறைதான் முதலாளி. காடெங்கும் குழிகள் வாயைத் திறந்து கிடந்தன. வாகீசனின் வளைக்கு வெளியே நண்டு ஓடுகள் குவிந்தன.

கோடை வந்தது. ஏரி வற்றியது. நீர்நாய்கள் ஆற்றைத் தேடித் தரைவழியே புறப்பட்டன. வாகீசனுக்குத் தாயில்லாத ஒரே குட்டி, கயல். கோரன் தோண்டி மூடாமல் விட்டு, புல் மறைத்திருந்த குழி ஒன்றில் அது விழுந்தது.

"அப்பா! அப்பா!"

குழி ஆழம். பக்கமெல்லாம் காய்ந்து இறுகிய செம்மண். நீந்துவதற்கென்று அமைந்த பாதங்கள் அதில் என்ன செய்யும்? பிறாண்டிப் பிறாண்டி வாகீசனுக்கு நகம் பெயர்ந்தது. கோரன் தன் கோரைப்பல்லால் நாலு குத்துக் குத்தினால் ஒரு சரிவு உண்டாகிவிடும். வாகீசன் அதனிடம் ஓடியது.

"கோரா, சீக்கிரம் வா! உன் குழியில என் பிள்ளை கிடக்குது!"

"என் குழியா? ஐயோ, வக்கீலய்யா, நீங்களே இப்படிச் சொல்லலாமா? அது பாறையோட குழி!"

"விளையாடாதே! ஒரு சரிவு மட்டும் வெட்டிக் கொடு!"

"தொட்டா என்னுதுன்னு ஆயிடும்னு சொன்னது யாரு? இதைத் தொட்டா மத்ததையும் மூடச் சொல்லுவாங்க. நீங்க சொல்லிக் கொடுத்ததை நான் மீறவே மாட்டேன்."

கோரன் பணிவாகத்தான் சொன்னது. சொல்லிவிட்டுச் சேற்றில் புரண்டு படுத்தது.

வாகீசன் கத்திக்கொண்டே காட்டைச் சுற்றியது. செங்கோடன் எழுந்து வந்தது. அதற்கு முன்பே குழியோரத்தில் ஒருவர் தோண்டிக்கொண்டிருந்தார். அது தாய் முயல்.

"அம்மா..." என்றது வாகீசன்.

"உனக்காக வரலை" என்றது முயல். "அந்தப் பிள்ளைக்காக வந்தேன். பேசாம தோண்டு."

முயல் பறித்தது. செங்கோடன் கொம்பால் இடித்தது. வாகீசன் மண்ணை வாரி வெளியே தள்ளியது. சரிவு அடியைத் தொட்டபோது உள்ளே சத்தம் இல்லை. வாகீசன் இறங்கிப் போய்க் குட்டியைத் தூக்கியது. உடம்பு சூடாக இருந்தது. அது வெயிலின் சூடு; மூச்சு நின்றிருந்தது.

செங்கோடன் வழக்கமான கேள்வியைக் கேட்டது.

"தோண்டியது யார்?"

மேட்டில் வந்து நின்ற கோரன், வற்றிய ஏரிக்கு நடுவே தெரிந்த பாறையைப் பார்த்தது. எல்லாரும் வாகீசனின் வாயைப் பார்த்தார்கள். எத்தனையோ பேரைத் தப்பவைத்த வாய் அது.

வாகீசன் முதல்முறையாக முயலின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"நான்தான்" என்றது.

முயல் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் தள்ளிவிட்டுத் தன் வழியே போனது.

குற்றவாளியின் பொறுப்பை யாருக்கும் எட்டாத இடத்தில் ஒளித்து வைக்க உதவுகிறவன், தான் நியாயம் கேட்கும் நாளில் அது தனக்கும் எட்டாமல் தவிப்பான்.