எந்தக் கல்லறையில் நிற்பது?

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம், அந்தோணியம்மாள் சுண்ணாம்பு வாளியை ஜெப வீட்டு வாசலில் டங்கென்று வைத்தாள்.

உள்ளே சிஸ்டர் ஜெனோவா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அதுக்குள்ள பூசியாச்சா அக்கா?"

"பூசுறதுக்கு அம்மா வேணுமே. எங்க அம்மாவுக்கு மீசை முளைச்சிருச்சு சிஸ்டர்."

சிஸ்டர் கீரையை ஒதுக்கி வைத்தார்.

கைக்குழந்தையாக, அந்தோணியார் திருநாளன்று கோயில் வாசலில் கிடந்தவள் அந்தோணியம்மாள். கன்னியர் மடம் எடுத்து வளர்த்தது. காணாமல் போன சாவியைக்கூடத் தேடிக் கொடுக்கிற புனிதர் என்று அவர் பேரையே வைத்தார்கள். புனிதர் ஊரார் சாவியை எல்லாம் கொடுத்தார். இவளைப் போட்டுவிட்டுப் போனவளை மட்டும் கொடுக்கவில்லை. தையல் கற்று, பீடத் துணி தைத்து, பெண் பார்க்க வந்தவர்கள் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டுக் காப்பியோடு எழுந்து போனதைப் பார்த்து, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று சிஸ்டரிடம் வந்து சேர்ந்தாள். சிஸ்டர் இவளைவிடச் சின்னவர். அதனால் என்ன, குரு குருதான்.

கல்லறைத் திருநாள் அவளுக்கு வருஷா வருஷம் ஒரு பரீட்சை. ஊரே வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி, அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுற்றி நிற்கும். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொன்றாக மந்திரித்து வருவார். யார் எங்கே நிற்கிறாரோ அவர் அந்த வீட்டு ஆள். ஊருக்கு அவ்வளவுதான் தெரியும்.

மதில் ஓரம் சிலுவை விழுந்து, பேர் இல்லாமல் ஒரு மேடு கிடந்தது. அதைத் தேடி யாரும் வரவில்லை. தன்னைத் தேடியும் யாரும் வரவில்லை. அப்படியானால் இது அம்மாதான் என்று அந்தோணியம்மாள் முடிவு கட்டிவிட்டாள். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த முட்டாள்தனத்தில் பல வருஷம் நிம்மதியாக நின்றிருக்கிறாள். மனசில் உள்ளதை எல்லாம் அங்கே கொட்டியிருக்கிறாள்.

இன்றைக்கு மஸ்கட்டிலிருந்து ஒருத்தன் பெண்டாட்டியோடு வந்து இறங்கிவிட்டான். கையில் பளிங்குக் கல். கல்லில் பெரிய மீசையோடு ஒரு கிழவர் படம். பேண்டு செட் மதலைமுத்து.

"அவனோட தாத்தாவாம் சிஸ்டர். அவன் அப்பா சாகும்போது அடையாளம் சொன்னாராம், வேப்பமரத்துக்கு நேரா மதில் ஓரம்னு. நான் சுண்ணாம்பு மட்டையும் கையுமா நிக்கிறேன். அந்தப் பொண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்து, 'நீங்க யாரு? எங்க தாத்தாவுக்கு நீங்க எதுக்கு வெள்ளையடிக்கிறீங்க?'ன்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? அதுக்குள்ள அவ புருஷன்கிட்ட, 'தாத்தா கச்சேரிக்குப் போன ஊரெல்லாம் இப்படி ஒண்ணு இருக்குமோ?'ன்னு சிரிக்கிறா. இத்தனை வருஷமா ஒரு ட்ரம்பெட்காரர்கிட்ட என் மாதவிலக்கு வலி வரைக்கும் சொல்லி அழுதிருக்கேன் சிஸ்டர்!"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தோணியம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தபோதே முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சிஸ்டர் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

"நீங்க கடவுளோட பிள்ளை அக்கா."

"தெரியும். ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் அதைத்தான் சொல்றீங்க. பக்கத்து வீட்டு மிக்கேல் மகளுக்கும் அதையேதான் சொல்றீங்க. ஆனா அவளுக்கு மிக்கேலும் இருக்கானே."

சிஸ்டர் சுண்ணாம்பு வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறையில நிப்பாங்க. நான் எங்க நிக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"நாளைக்குச் சாயங்காலம் மெழுகுவர்த்தி எடுத்துட்டு வாங்க" என்றார் சிஸ்டர். மறுபடி கீரையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் இருவரும் போனார்கள். கல்லறைத் தோட்டம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. மிக்கேல் வீட்டார் ஏழெட்டுப் பேர் ஒரே கல்லறையைச் சுற்றி இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன அந்தோணி, இந்தப் பக்கம்? உங்க ஆள் அங்கல்ல இருக்காங்க?" என்றாள் மிக்கேல் பெண்டாட்டி.

"வீடு மாத்தியாச்சு" என்றாள் அந்தோணியம்மாள்.

பளிங்கு மதலைமுத்துவைத் தாண்டும்போது மட்டும் அவள் கால் தயங்கியது. அவர் மீசையில் தீர்த்தத்துளி நின்றது. சாமியார் இங்கே முடித்துவிட்டார். சிஸ்டர் நிற்காமல் நடந்தார்.

கோடியில் புதிதாக வெட்டிய குழி ஒன்று திறந்து கிடந்தது. செத்துப்போன வாத்தியாருக்காக வெட்டியது. கடைசி நேரத்தில் பிள்ளைகள் வந்து, அப்பாவைச் சொந்த ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். வெட்டியவர் இன்னும் மூடவில்லை. அடியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"இங்க நில்லுங்க" என்றார் சிஸ்டர்.

"எதுக்கு? உள்ள தள்ளிவிடப் போறீங்களா?"

"மெழுகுவர்த்தியைக் கொளுத்துங்க."

"விளையாடாதீங்க சிஸ்டர். இதுல ஆளே இல்லையே!"

"ஆமா. நம்ம வீட்டுக் கல்லறை அப்படித்தான். இயேசு மூணாம் நாளே எந்திரிச்சுப் போயிட்டார்ல."

அந்தோணியம்மாள் குழியை எட்டிப் பார்த்தாள். மண் வெட்டிய தடம் ஈரமாகத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

தீப்பெட்டியை எடுத்தாள். இரண்டு குச்சி காற்றில் அணைந்தது. மூன்றாவதைக் கையால் பொத்திக் கொளுத்தி, குழி விளிம்பில் மண்ணைக் குவித்து மெழுகுவர்த்தியை நட்டாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். குழியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். சின்ன வயதுக்காரர். என்ன நினைத்தாரோ, யார் பேருக்கு என்று கேட்கவில்லை. தீர்த்தத்தைத் தெளித்தார். குழிக்குள் பாதி விழுந்தது. மீதி அந்தோணியம்மாள் தலையில் விழுந்தது. சிலுவை வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. அந்தோணியம்மாள் அசையவில்லை. சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

"சிஸ்டர்."

"சொல்லுங்க."

"அப்ப எங்க அம்மா?"

சிஸ்டர் குனிந்து மெழுகுவர்த்தியைச் சுற்றி மண்ணை அணைத்தார்.

"தெரியலை அக்கா. அவங்களும் எங்கயோ ஒரு மெழுகுவர்த்தியைக் கையில வெச்சுக்கிட்டு, எங்க நிக்கிறதுன்னு தெரியாம இருக்காங்களோ என்னவோ."

பிறகு அவள் தோளை மெல்லத் தொட்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வந்தா அவங்களுக்கும் இடம் வேணும்ல."