ஆலா ஏன் உச்சந்தலையில் கொத்துகிறது?

“‘சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன அலுப்பு?’ இதைத்தானே சொன்னே? எங்கே, என் மூஞ்சியைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லு.”

கூரி என்ற ஆலாப் பறவை இப்படிக் கேட்டபோது அவள் புருஷன் வாலனின் வாயில் ஒரு மீன் இருந்தது. அதனால் அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான் மீனைக் கீழே வைக்கவில்லை என்பது கூரியின் கணிப்பு.

பறவையும் மிருகமும் மனிதனும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நடந்தது இது. உலகத்தின் வடகோடிக் கடலில் ஒரு கல் தீவு. பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. கோடை முழுக்கச் சூரியன் மறையாது. ஆலா அப்போது தலையிலிருந்து வால்வரை வெள்ளை வெளேரென்று இருந்தது. யாரையும் கொத்தியதில்லை. ஊரைவிட்டு எங்கும் போனதுமில்லை. பனி கொட்டினால் பாறை இடுக்கில் ஒண்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் கூரி போட்டது ஒரே ஒரு முட்டை. தரையில் காலால் கிளறிய சின்னக் குழிதான் கூடு. அதில் முட்டையை வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, நாள் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் முட்டை சில்லிட்டுவிடும். சில்லிடாவிட்டால் நரி பார்த்துவிடும். இதற்குப் பெயர் சும்மா உட்கார்ந்திருப்பது.

“அடுத்த மீனைப் பார்க்கிறேன்” என்று வாலன் கடல் பக்கம் பறந்துவிட்டான். மீன் விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

அவன் போன சற்று நேரத்தில் மனிதன் ஒருவன் வந்தான். தோளில் மூன்று கால் வைத்த ஒரு பெட்டி. பெட்டிக்குமேல் கரி பூசிய ஒரு கறுப்புத் துணி. பத்தடி தள்ளி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, “அம்மா, உங்களைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்” என்றான்.

“என்னையா? நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்.”

“அதைத்தான் படம் பிடிக்கணும். அசையாமல் இருங்கம்மா.”

“முட்டை மேலே இருக்கிறவ எங்கே அசையறது? ஆகட்டும், பிடி.”

அவன் துணிக்குள் தலையை விட்டான். வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து “அடடா”, “அபாரம்” என்று மட்டும் சத்தம் வந்தது. கூரிக்குக் கழுத்து தானாக நிமிர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து யாரும் அடடா போட்டதில்லை.

அவன் தலையை வெளியே எடுத்ததும், “நானும் பார்க்கணும்” என்றாள்.

“நீங்க இங்கே வந்துட்டா அதிலே நீங்க இருக்க மாட்டீங்களேம்மா. முட்டை மட்டும்தான் தெரியும்.”

“என் முட்டை எப்படி இருக்குன்னாவது பார்த்துட்டுப் போறேன். நகரு.”

அந்த நேரம் பார்த்துக் காற்று அவன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று. அவன் தொப்பிக்குப் பின்னால் ஓடினான். கூரி முட்டையை விட்டு எழுந்து, பறந்து போய், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள்.

உள்ளே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் அவள் தீவு. ஆனால் எல்லாம் தலைகீழ். வானம் கீழே கிடந்தது, கல் தரை மேலே தொங்கியது, அந்தத் தரையில் ஒட்டிக்கொண்டு அவள் முட்டை. விழவே இல்லை! கூரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போது கண்ணாடியின் ஓரத்தில் ஒரு நரி வந்தது. காலெல்லாம் மேலே, முதுகு கீழே, கூரையில் நடக்கிற மாதிரி நடந்து வந்தது. “பெட்டிக்காரா, இங்கே பாரு, உன் பெட்டிக்குள்ளே நரிகூட வச்சிருக்கியா!” என்று கூரி விழுந்து விழுந்து சிரித்தாள். நரி முட்டையை முகர்ந்தது. வாயில் கவ்வியது. அப்படியே கீழே, கீழே போய், வானத்துப் பக்கம் மறைந்தது. வேடிக்கை முடிந்தது என்று கூரி தலையை வெளியே இழுத்தாள். துணியின் கரி அலகடியிலிருந்து பிடரிவரை அப்பியிருந்தது.

குழி காலியாக இருந்தது.

வாலன் மீனோடு வந்து இறங்கினான். இந்தத் தடவை மீனைக் கீழே வைத்தான்.

“முட்டை எங்கே?”

“நரி எடுத்துட்டுப் போயிட்டான்.”

“நீ பார்த்துக்கிட்டா இருந்தே?”

“ஆமா. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“எந்தப் பக்கம் போனான்?” என்றான்.

“கீழே. என் கண்ணாலே பார்த்தேன்.”

இருவரும் கிளம்பினார்கள். கீழே என்றால் எவ்வளவு கீழே என்று தெரியாததால் கடல்களையெல்லாம் தாண்டி, உலகம் முடிகிற தென்கோடிப் பனிவரை போனார்கள். அங்கேயும் சூரியன் மறையவில்லை. தேட வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பனியில் ஒரு நரிகூட இல்லை, இருந்ததும் இல்லை. வாலன் இதைச் சொல்லிப் பார்த்தான். கூரி காதில் வாங்கவில்லை.

“நான் சரியா கவனிக்கலை. அந்தப் பெட்டியிலே இன்னொரு தடவை பார்த்தா தெரிஞ்சுடும்” என்றாள்.

திரும்பவும் வடக்கே பறந்தார்கள். பெட்டிக்காரன் எப்போதோ பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான். முட்டை பத்திரமாக இருக்கிற படம் அவனிடம்தான் இருந்தது. அடுத்து வந்தவன் வேறு ஆள், வேறு பெட்டி. அதற்குள் மனிதன் பாஷை வேறாகிவிட்டிருந்தது.

அன்று முதல்தான் ஆலாவின் தலை கறுத்தது. வருஷம் தவறாமல் அது உலகத்தின் மேலிருந்து கீழே போய்க் கீழிருந்து மேலே வருகிறது. படம் பிடிக்க வந்தவன் பெட்டியின்மேல் குனிந்த உடனே பாய்ந்து அவன் உச்சந்தலையில் கொத்துகிறது. அவனும் ஒரு குச்சியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொல்லாத பறவை என்று சொல்லியபடி படம் எடுக்கிறான். அதுவோ அவன் தலைக்கு நேர்மேலே நின்று கத்திக்கொண்டே இருக்கிறது: “தலையைக் கொஞ்சம் எடுய்யா... ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேன்.”