கிருமி வளராத காய்ச்சல்

டாக்டர் அரியநாயகத்துக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய பேராசிரியை ரஹ்மத் நிஷாவுக்கு முப்பத்தொன்பது. அரசு வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்புக்கு வந்தால் இப்படியும் அமையும். தென்காசிப் பக்கம் சாயங்கால கிளினிக்கில், முகம் பார்க்க நேரமில்லாத கூட்டத்துக்கு அவர் கைராசி டாக்டர். இந்த வார்டில் மாணவர். பேராசிரியை மட்டும் வயதுக்கு மரியாதை கொடுத்து அவரை ‘சார்’ என்பார். அது இன்னும் சங்கடம்.

ஜன்னலோரக் கட்டிலில் பரோட்டா மாஸ்டர் இசக்கிப்பாண்டி. காய்ச்சல், தலைவலி, குனிய மறுக்கும் கழுத்து. ஒரே வருஷத்தில் இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. சர்க்கரை சரியாக இருந்தது. கல்ச்சரில் ஒரு கிருமியும் வளரவில்லை. முதல் இரண்டு முறையும் ‘வைரஸ் மூளைக்காய்ச்சல்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த முறை அரியநாயகம் ஏமாறத் தயாராக இல்லை.

“டிபி, மேடம். எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. ஒரு வருஷ மருந்தை ஆரம்பிச்சிரலாம்.”

இசக்கிப்பாண்டி பதறி எழுந்து உட்கார்ந்தார். “ஐயா, அந்தப் பேரு மொதலாளி காதுல விழுந்தா என்னைக் கடைக்குள்ளயே விடமாட்டாரு. இப்பவே கல்லுல வேற ஆளு நிக்கான்.”

“டிபி டெஸ்ட் என்ன சொல்லுது?” என்றார் நிஷா.

“இல்லைன்னுதான் சொல்லுது.”

“மருந்தே இல்லாம ரெண்டு தடவை தானா குணமாகி, பரோட்டா அடிக்கப் போற டிபியைப் பார்த்திருக்கீங்களா சார்?”

அரியநாயகம் பார்த்ததில்லை.

“அப்ப காரணத்தை எங்கதான் மேடம் தேடுறது? ரத்தத்துல இல்ல. நீர்ல இல்ல. ஸ்கேன்ல இல்ல.”

“மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரான்னு கேட்டீங்களா?”

“தினமும் கேக்கேன். ஒண்ணும் இல்லைங்காரு.”

நிஷா கட்டிலோரத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, கடையில எப்ப கூட்டம்?”

“ஞாயித்துக்கிழமை மேடம். மூடை மூடையா மாவு ஓடும். தோள்பட்டை கழண்டு கையில வந்திரும்.”

“அப்புறம் எப்படி அடிப்பீங்க?”

“ரொம்ப முடியாத அன்னைக்கு மட்டும் ரெண்டு போட்டுக்கிட்டு நிப்பேன்.”

“எதை?”

இசக்கிப்பாண்டி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெள்ளை மாத்திரைகள்.

“மாத்திரையே இல்லைன்னீரே வே!” என்று கத்தினார் அரியநாயகம்.

“மாத்திரைன்னா நோய்க்குத் திங்கிறது சார். இது வேலைக்குத் திங்கிறதுல்லா.”

“காய்ச்சல் வந்த அன்னைக்குப் போட்டீங்களா?” என்றார் நிஷா.

“மத்தியானம் போட்டேன். ராத்திரி இங்க வந்துட்டேன்.”

“முந்தின ரெண்டு தடவையும்?”

மாஸ்டர் யோசித்தார். ஒன்று கோயில் கொடை, இன்னொன்று தீபாவளி. இரண்டு நாளும் நல்ல வியாபாரம். இரண்டு நாளும் போட்டிருந்தார்.

“அபூர்வமா சிலருக்கு வலி மாத்திரையே மூளை உறையை வீங்க வைக்கும்,” என்றார் நிஷா. “கிருமி இருக்காது. காய்ச்சல் இருக்கும். கல்ச்சர் முடிவு வர்ற வரைக்கும் ஆன்டிபயாட்டிக் போட்டது சரி. இனிமே அதுவும் வேண்டாம், டிபி மருந்தும் வேண்டாம். இந்தப் பொட்டலமும் வேண்டாம்.”

அரியநாயகத்துக்கு ஆத்திரம் தாளவில்லை. பொட்டலத்தைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேல ஒரு பேரு இல்ல, ஊரு இல்ல. எந்தப் போலி டாக்டர் வே இதைக் குடுத்தான்?”

இசக்கிப்பாண்டி தயங்கினார்.

“நீங்கதான் சார்.”

தூரத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“உங்க கிளினிக்குல வாங்குனது. தீந்துபோனா கம்பவுண்டர் அண்ணன் குடுப்பாரு.”

“பிறகு ஏன் வே நான் கேட்டப்ப சொல்லலை?”

“நீங்க குடுத்ததை நீங்களே கேக்கீங்களேன்னு யோசிச்சேன். கைராசி டாக்டரு, சும்மா நம்மளச் சோதிச்சுப் பாக்காருன்னு நெனச்சேன்.”

பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் அவசர வேலை வந்துவிட்டது.

காய்ச்சல் இறங்கியது. கழுத்து குனிந்தது. டிஸ்சார்ஜ் அன்று இசக்கிப்பாண்டி, டிபி இல்லை என்ற செய்தியை முதலாளிக்குப் போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாளே கல்லில் நிற்கலாம் என்று பதில் வந்தது.

அரியநாயகம் டிஸ்சார்ஜ் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“காரணம்கிற இடத்துல என்ன மேடம் எழுதட்டும்?”

“மாத்திரையோட பேரைப் பெரிசா எழுதுங்க. அவர் கையிலயும் ஒரு சீட்டு குடுங்க.”

“என் பேரு...?”

“அது அவருக்கு நல்லாவே தெரியும் சார். தெரியாதது மாத்திரை பேருதான்.”