ஒப்புக்குச் சப்பாணி

விளையாட்டு பீரியடில் வேப்பமரத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒன்று உண்டு. கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அந்தப் பிள்ளையின் பெயர் நாகஜோதி. ஒன்பதாம் வகுப்பு. பூசினாற்போல உடம்பு. நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்கும்.

அங்கே பி.டி. டீச்சர் சலேத் மேரி. அதிகம் பேசமாட்டார். விசிலைக்கூடச் சிக்கனமாகத்தான் ஊதுவார். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள அந்த வருஷம் வந்து சேர்ந்தவள் மாரீஸ்வரி. கல்லூரியில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் பெயர் வாங்கியவள், நல்ல மனசுக்காரி. அந்த நல்ல மனசுதான் இங்கே எல்லா வம்புக்கும் காரணம்.

ஒருநாள் நாகஜோதியே பி.டி. அறை வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், எனக்கு விளையாட்டு வேண்டாம். அந்த பீரியட்ல லைப்ரரில உக்காந்துக்கிடுதேன். நீங்க சரின்னா சரின்னு எச்.எம். சொல்லிட்டாங்க.”

“எத்தனை நாளைக்கு?” என்றார் சலேத் டீச்சர்.

“ஸ்கூல் முடியுற வரைக்கும்.”

சலேத் டீச்சர் மாரீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்லுத?”

“மாசக் கடைசி வரைக்கும் இவளை என்கிட்ட விடுங்க டீச்சர். இவளுக்குப் பிடிச்ச ஒரு விளையாட்டைக் கண்டுபிடிச்சுக் காட்டுதேன்.”

“கிடைக்கலைன்னா?”

“லைப்ரரிக்கே போகட்டும்.”

நாகஜோதி தலையாட்டினாள். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை, பொறுத்துக்கொள்ளலாம் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

மாரீஸ்வரி முதலில் அவள் கையில் இரும்புக் குண்டைக் கொடுத்தாள். கனத்த பிள்ளையைக் கண்டதும் குண்டு எறியச் சொல்வது பி.டி. ஆட்களின் தீராத வியாதி. குண்டு காலடியிலேயே விழுந்தது. “நல்ல ஆரம்பம்!” என்றாள் மாரீஸ்வரி. அடுத்து நீளம் தாண்டுதல். கோட்டை மிதித்துத்தான் தாண்டினாள். மாரீஸ்வரி பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். பூப்பந்தில் எதிரே நின்று, பந்தைப் பூவைப் போல் தட்டிக் கொடுத்து, வேண்டுமென்றே தோற்றும் போனாள்.

“ஜெயிச்சுட்டியே, பாத்தியா!”

நாகஜோதி மட்டையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

கடைசியாகக் கோ-கோ. மாரீஸ்வரி மற்ற பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: “ஜோதியைத் தொட்டாலும் அவுட் கிடையாது, என்ன? பாவம், ஆடட்டும்.”

இதற்குப் பிள்ளைகளிடம் ஒரு பெயர் உண்டு. ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் இருப்பாள், கணக்கில் இருக்கமாட்டாள்.

நாகஜோதி தன் சக்திக்கு மீறி ஓடினாள். துரத்தியவள் அவளைத் தாண்டி அடுத்தவளைத் துரத்திக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் நாகஜோதி ஆடுகளத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள். அவள் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஆட்டம் அவளைச் சுற்றி நடந்தது. பிறகு தானாகவே மரத்தடிக்கு நடந்து போனாள். அதையும் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு இதைச் சொல்லும்போதே நெஞ்சு வலிக்கிறது.

மாரீஸ்வரி சோர்ந்துபோய் சலேத் டீச்சரிடம் வந்தாள்.

“எல்லாம் பாத்துட்டேன் டீச்சர். எவ்வளவோ சலுகை கொடுத்தாச்சு. எதுவும் பிடிக்கலைங்கா. சில பிள்ளைகளுக்கு விளையாட்டே ஒட்டாதோ?”

சலேத் டீச்சர் பந்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார்.

“சாயங்காலம் டீச்சருங்க எல்லாம் த்ரோபால் ஆடுதோம். நீயும் வா,” என்றார்.

மாரீஸ்வரி உற்சாகமாகப் போனாள். ஆட்டம் தொடங்குமுன் சலேத் டீச்சர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இந்தப் பிள்ளை புதுசு. இவ பக்கம் பந்தைப் போடாதீங்க. இவ தப்பு பண்ணினா கணக்குக் கிடையாது.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று மாரீஸ்வரி சிரித்தாள். வேடிக்கை இல்லை. முட்டி வலிக்காரரான கணக்கு டீச்சருக்குப் பந்து போனது. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்ற தமிழம்மாவுக்குப் போனது. மாரீஸ்வரிக்கு மட்டும் வரவில்லை. பொறுக்கமுடியாமல் ஒருமுறை குறுக்கே பாய்ந்து பிடித்து எறிந்தாள். அவசரத்தில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

“பரவாயில்ல, விடும்மா,” என்றார் கணக்கு டீச்சர். பந்தை எடுத்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

மாரீஸ்வரிக்குக் காது சிவந்துவிட்டது.

“என்னை ஆட்டத்துல சேத்திருக்கீங்களா, இல்ல வலைக்கம்பத்துக்குத் துணையா நட்டு வச்சிருக்கீங்களா?”

“ஏம்மா கோவப்படுத?” என்றார் சலேத் டீச்சர். “உனக்குச் சலுகைதானே கொடுத்தோம்.”

மாரீஸ்வரி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மறுநாள்தான் அந்த மாதத்தின் கடைசி விளையாட்டு பீரியட். மாரீஸ்வரி ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

“எந்திரி.”

“இன்னைக்கு என்ன டீச்சர்?”

“ரிங். நீயும் நானும் மட்டும்.”

நடுவே வலை. வளையத்தை ஒரே கையால் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிய வேண்டும். விட்டால் எதிராளிக்குப் பாயிண்ட். இருபத்தொன்று எடுத்தவர் ஜெயித்தவர்.

“மெதுவா விடுவீங்கதானே?”

“மாட்டேன்.”

முதல் வளையம் நாகஜோதியின் தோளை உரசிக்கொண்டு போனது. “ஒண்ணு,” என்றாள் மாரீஸ்வரி உரக்க. அடுத்ததை நாகஜோதி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள்.

“ரெண்டு கை. ஃபவுல். என் பாயிண்ட்.”

நாகஜோதி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்த மைதானத்தில் அவள் செய்த தப்பை யாரும் அதுவரை தப்பு என்று சொன்னதில்லை. துப்பட்டாவை இழுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

மாரீஸ்வரி கருணையே காட்டவில்லை. வலது மூலைக்கு ஒன்று, இடது மூலைக்கு ஒன்று. பிள்ளைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. விழுந்தாள், முழங்கையில் மண்ணோடு எழுந்தாள். மாரீஸ்வரி பதினைந்தைத் தாண்டிய பிறகு, நாகஜோதியின் வளையம் ஒன்று வலையை ஒட்டி வந்து பின்மூலைக்கு இறங்கியது. நானூறு மீட்டர்க்காரி பாய்ந்தாள். எட்டவில்லை. முட்டி தேய விழுந்தாள்.

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நாகஜோதி அவர்களைப் பார்க்கவில்லை.

“ஒண்ணு,” என்றாள், தானே.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

கடைசி வளையமும் விழுந்தபோது மணி அடித்தது. நாகஜோதி தோற்றிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

“இன்னொரு ஆட்டம், டீச்சர்?”

“மணி அடிச்சிருச்சேடி.”

“அப்ப அடுத்த பீரியட்ல. இதே மாதிரிதான் விடணும். குறைக்கக்கூடாது.”

லைப்ரரி என்ற பேச்சே எழவில்லை. வளையத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்து, வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். ஆமாம், ஓடினாள்.

மாரீஸ்வரி நொண்டிக்கொண்டே சலேத் டீச்சரிடம் வந்தாள்.

“அவளுக்கு ரிங் பிடிக்கும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா, டீச்சர்?”

“எனக்கு எப்படித் தெரியும்? எத்தனைக்கு எத்தனை?”

“இருபத்தொண்ணுக்கு மூணு.”

“அந்த மூணு?”

“சத்தியமா நான் கொடுக்கல, டீச்சர்,” என்றாள் மாரீஸ்வரி, முட்டியைத் தடவிக்கொண்டே. “அவளே எடுத்தா.”

சலேத் டீச்சர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார்.

“அவளுக்குப் பிடிச்சது அந்த மூணுதாம்மா.”