கவிழ்த்து வைத்த மக்

ஒரு டிசம்பரில், குன்னூர் மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டுக் கட்டிலின் மேல் பெரிய நீலப் பை ஒன்று விழுந்து கிடந்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்த களைப்பு அதற்கு. அதன் சொந்தக்காரி டெல்பினா. வீட்டில் டெல்பி. காலேஜில் முதல் வருஷம். செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தாள்.

அவள் அம்மா பெர்னதெத்துக்கு நிதானமாகப் பை பிரிக்கத் தெரியாது. ஜிப்பை இழுத்தாள், பையைத் தலைகீழாகப் பிடித்தாள், ஓர் உதறு உதறினாள். அழுக்குத் துணி, கெட்டில், ஹெட்போன், ஜிமிக்கி, ஒற்றைச் செருப்பு எல்லாம் கட்டிலில் கொட்டின. கடைசியாகத் துண்டில் சுற்றிய ஒன்று உருண்டு வந்து தரையில் டமாரென்று விழுந்தது.

பச்சை நிற பிளாஸ்டிக் மக். ஓரத்தில் கீறல். வயிற்றில் ரோஸ் கலர் நகப்பூச்சால் ‘டெல்பி’ என்று எழுதியிருந்தது.

“ஏண்டி, குன்னூர்ல மக்குக்குப் பஞ்சமா? ஓட்டை மக்கை ஊர்வலமாக் கொண்டு வந்திருக்கே!”

“லீவுல ஹாஸ்டலுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்கம்மா. ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

“பக்கெட் எங்கே?”

“மெஹ்ருன் வீட்டுல வெச்சிருக்கேன். அவ அந்த ஊர்க்காரிதானே.”

“அப்போ இதையும் அந்தப் பொண்ணு வீட்டுலயே போட்டிருக்கலாமே?”

டெல்பி குனிந்தாள். மக்கை எடுத்துத் துடைத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். அம்மாவுக்கு அடுப்பில் வேலை இருந்தது. மகள் பேசாமல் நிற்பதை நின்று பார்க்க நேரமில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல், முதல் டின் அக்கம்பக்கத்துக்கே சரியாகப் போய்விட்டது. வருஷத்தின் கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம் டெல்பியின் தோழிகள் போனில் கூடிப் பேசினார்கள். இந்த வருஷம் அவரவர்க்குப் பிடித்த பொருள்களை வெள்ளை விரிப்பில் அடுக்கி, படம் எடுத்து, நாளைக்கு எல்லோரும் போட வேண்டும் என்று முடிவாயிற்று. டெல்பி போனை மேஜையில் வைத்துவிட்டு, அம்மா போட்ட கூப்பாட்டுக்கு அடுக்களைக்கு ஓடினாள்.

அவ்வளவுதான். அறையில் கலவரம். பெருமை என்பது மனிதர்களோடு மட்டும் நிற்கிற வியாதி இல்லை. கூடவே இருக்கிற சாமானுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

“நடுவுல நான்தான்,” என்றது கெட்டில். “ஹாஸ்டல்ல நான் இருக்கறதே சட்டவிரோதம். வார்டன் வரும்போதெல்லாம் போர்வைக்குள்ள மூச்சை அடக்கிக்கிட்டுப் படுத்திருப்பேன். பரீட்சைக்கு அவ குடிச்ச டீ எல்லாம் யார் போட்டது?”

“டீக்கடைக்காரர்கூடத்தான் டீ போடறார். அவரையும் விரிப்புல உட்கார வெப்பாளா?” என்றது ஜிமிக்கி. “ஓணம் அன்னிக்கு என்னைப் போட்டுக்கிட்டு நின்னாளே, அந்தப் படத்துக்கு எத்தனை பேர் லைக் போட்டாங்கன்னு போனைக் கேளு.”

போன் தொண்டையைச் செருமிக்கொண்டது. படம் எடுக்கப்போவது தான் என்பதால் அதற்கு நீதிபதி தோரணை வந்திருந்தது. “வாதத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”

“வாதமே வேண்டாம்,” என்றது ஹெட்போன். “வருஷம் பூரா அவ காதை விட்டு நான் இறங்கினதே இல்ல. அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

அலமாரியிலிருந்து மெரூன் ஸ்வெட்டர் தலையை நீட்டியது. “ஜூன்ல என்னை விட்டுட்டுப் போனவதானே அவ. மெட்ராஸ்ல குளிர் இல்லையாம். வந்த அன்னிக்கு முதல் வேலையா யாரைத் தேடினா? என்னை.”

“உனக்கு வருஷத்துக்குப் பத்து நாள் உத்தியோகம். பேச வந்துட்டே,” என்றது கெட்டில்.

சிரிப்பு அடங்கியதும் ஜிமிக்கியின் கண் ஜன்னல் பக்கம் போனது.

“என்னப்பா பச்சை, வாயே திறக்கலே? உனக்குப் படத்துல இடம் வேண்டாமா?”

“வேண்டாம்,” என்றது மக். “எனக்குப் பையில இடம் வேணும். அவ திரும்பிப் போகும்போது நானும் போகணும்.”

“உனக்குக் கீறல் விழுந்துடுச்சே. உன்னால தண்ணியே பிடிக்க முடியாதே?”

“தண்ணி பிடிக்கறது பெரிய விஷயமில்ல.”

“அப்புறம் நீ வருஷம் பூரா என்னதான் பண்ணினே?”

மக் யோசித்தது. சொல்லக்கூடாத விஷயம் அது. “சத்தம் போட்டேன்,” என்றது.

ஹெட்போனுக்குச் சிரித்துச் சிரித்து ஒரு பக்கத்து மூடியே கழன்றுவிடும்போல் இருந்தது. “பாட்டுக்காரன் நான். சத்தம் போட்டதாம் மக்!”

மக்கின் கவலை வேறு. பெயிண்ட் அடித்த புது ஹாஸ்டலுக்கு டெல்பி மட்டும் போனால், அவளுக்கு யார் சத்தம் போடுவார்கள்?

மறுநாள் காலை டெல்பி கட்டிலில் வெள்ளை விரிப்பை விரித்தாள். கெட்டிலைத் துடைத்து வைத்தாள். ஜிமிக்கியை அதன் மூக்கில் மாட்டினாள். ஸ்வெட்டரை மடித்து, மேலே ஹெட்போனை வைத்தாள். எட்டி நின்று பார்த்தாள். நடுவில் இடம் காலியாக இருந்தது. ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். அதுவும் காலி.

“அம்மா! மக் எங்கே?”

“எது, அந்த ஓட்டையா? பழைய பேப்பர்காரர் வர்றார்னு சாக்குல போட்டேன்.”

டெல்பி பின்கட்டுக்கு ஓடினாள். சாக்கைக் கவிழ்த்தாள். பால் கவர், எண்ணெய் டின், உடைந்த வாளிக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் அடியில் மக் கிடந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றபோது, பெர்னதெத் இரண்டாவது டின்னுக்குக் கல்கல் போட்டுக்கொண்டிருந்தாள். புதுச் சீப்பின் பற்களில் மாவை வைத்து அழுத்தி, சுருட்டி, தட்டில் போடும் வேலை. கை வேகத்துக்கு வாயும் ஓடும் அவளுக்கு.

“ஏண்டி, ஊரெல்லாம் பார்க்கிற படத்துல பாத்ரூம் மக்கையா வெப்பாங்க? என் மானத்தை வாங்கணும்னே படிக்கப் போனியா?”

“இந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதாம்மா.”

“குளிக்கிறதுன்னா உனக்கு வலிக்கும். மக் பிடிச்சதாம்!”

டெல்பி மக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஹாஸ்டல்ல பாத்ரூம் சுவரெல்லாம் பாதிதாம்மா. மேல திறந்திருக்கும். யார் மூக்கைச் சிந்தினாலும் எல்லாருக்கும் கேட்கும். அதனால இதைக் கீழே கவுத்து வெச்சு, குழாயை முழுசாத் திறந்து விட்டுடுவேன். தண்ணி இது முதுகுல விழுந்தா தடதடன்னு அப்படி ஒரு சத்தம் வரும். அப்புறம் எவ்வளவு அழுதாலும் வெளியில கேட்காது.”

அடுக்களையில் எண்ணெய் மட்டும் பேசியது.

“ஜூலை பூரா அழுதேன். ஆகஸ்ட்ல கொஞ்சம்.”

“எதுக்கு?” பெர்னதெத்தின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. யாரும் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. அதுக்குத்தான்.”

“எனக்குப் போன் பண்ணியிருக்கலாம்ல?”

“தினமும் பண்ணினேனேம்மா. சாப்பிட்டியான்னு கேட்டே. சாப்பிட்டேன்னேன். தலைக்கு எண்ணெய் வெச்சியான்னு கேட்டே. வெச்சேன்னேன். சரி வெச்சுடு, அடுப்புல வேலை இருக்குன்னு சொன்னே.”

பெர்னதெத் கையிலிருந்த மாவை மறுபடி சீப்பில் அழுத்தினாள். சுருட்டியதைப் பிரித்தாள். மறுபடி அழுத்தினாள். ஒரே உருண்டை. முன்னறையில் குரங்குக் குல்லாயோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த டெல்பியின் அப்பா சகாயம், வெகுநேரமாகப் பக்கம் திருப்பவில்லை.

“அப்புறம் எப்படி நின்னுச்சு?” என்றாள் பெர்னதெத்.

“ஒருநாள் என் குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பக்கத்துப் பாத்ரூம்ல அதே சத்தம்மா. தடதடன்னு. கேட்டவுடனே தெரிஞ்சுடுச்சு. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? போய்க் கதவைத் தட்டினேன். முதல்ல ‘குளிக்கிறேன்’னா. நான் போகல. திறந்தா. அதுதான் மெஹ்ருன்.”

“அந்த ஊர்ப் பொண்ணுதானே அவ? அவளுக்கு என்ன அழுகை?”

“வீடு பக்கத்துல இருக்கறதாலதான். முதல் வருஷம் எல்லாரும் ஹாஸ்டல்லதான் இருக்கணும்னு ரூல். ஜன்னல்ல நின்னா அவ வீட்டு மொட்டை மாடி தெரியும்மா.”

டெல்பி சிரித்துவிட்டாள். பெர்னதெத் சிரிக்கவில்லை. அந்த உருண்டையை எண்ணெயில் போட்டாள். அது கல்கல் மாதிரியே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “போ, படம் எடு. வெளிச்சம் போயிடும்,” என்றாள். மணி காலை பத்து.

விரிப்பின் நடுவில் மக் வந்து உட்கார்ந்தது. கவிழ்ந்த நிலையில். ஜிமிக்கி தள்ளி உட்காரச் சொல்லவில்லை. ஸ்வெட்டர் ஒரு கையை அதன்மேல் போட்டது. ஹெட்போன்தான் தலை குனிந்து கிடந்தது.

“வருஷம் பூரா அவ காதுலயே இருந்தேன்,” என்றது கடைசியில். “அவ அழுததே எனக்குத் தெரியாது.”

“அதுக்குத்தான் நான் சத்தம் போட்டேன்,” என்றது மக். அதில் கேலி இல்லை.

ஜனவரி பிறந்தது. லீவு முடிந்தது. நீலப் பை மறுபடி கட்டிலில் வாயைத் திறந்து உட்கார்ந்தது. போர்வை போனது. போர்வைக்குள் கெட்டில் போனது. ஹெட்போன், ஜிமிக்கி, இந்தத் தடவை ஸ்வெட்டரும். டெல்பி மக்கைக் கையில் எடுத்தாள். மக்குக்குக் கீறல் வழியாகக்கூட சந்தோஷம் வழிந்தது.

அவள் நேராகக் குளியலறைக்குப் போய் அதைச் செப்புச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது இங்கேயே இருக்கட்டும்மா. மெஹ்ருன் ரெண்டு பேருக்கும் புதுசு வாங்கிட்டாளாம். சிவப்பு.”

“புதுசு சத்தம் போடுமா?” என்று கேட்டாள் பெர்னதெத். கேட்டபிறகுதான் தான் கேட்டது தெரிந்து, அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தண்ணி மொண்டா போதும்மா,” என்றாள் டெல்பி.

மக் பதறியது. குளியலறையிலிருந்தபடியே பையைப் பார்த்துக் கத்தியது. “என்னை விட்டுட்டுப் போறா! அங்கே அழுகை வந்தா என்ன பண்ணுவா?”

போர்வைக்குள்ளிருந்து கெட்டிலின் குரல் வந்தது. “டேய், நான் போறேன்ல. அழுகை வந்தா டீ போட்டுத் தர்றேன்.”

“டீ சத்தம் போடாதே!”

“கொதிக்கும்போது போடுவேன். போதாதா?” என்றது கெட்டில். பிறகு கொஞ்சம் தணிந்து, “அவளுக்கு இப்போ அவ்வளவு போதும்டா,” என்றது.

ஜிப் மூடியது.

பஸ் ஸ்டாண்டுக்கு மூவரும் போனார்கள். இருவர் திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் பெர்னதெத்தின் வாய் ஓயவில்லை என்பது கேட்டைத் திறக்கும்போதே தெரிந்தது. பஸ் அழுக்கு, டிரைவர் அவசரக்காரன், இந்தப் பெண் மஃப்ளரைப் பையின் அடியில் வைத்திருக்கிறது, உங்களுக்கு ஒரு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுக்கத் துப்பில்லை. சகாயம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அவள் அதே வேகத்தில் குளியலறைக்குள் வந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

செப்புச் செம்பு கழுத்தை நீட்டியது. இருபது வருஷப் பழக்கம் அதற்கு. அந்தக் கை அதைத் தாண்டிப் போனது. பச்சை மக்கை எடுத்தது. ஒரு கணம் நகப்பூச்சுப் பெயரைத் தடவியது. பிறகு மக்கைத் தரையில், குழாய்க்கு நேர் கீழே, கவிழ்த்து வைத்தது.

குழாய் முழுசாகத் திறந்தது.

முதுகில் தண்ணீர் விழுந்ததும் மக்குக்குப் புரிந்துவிட்டது. தன்னை ஏன் டெல்பி இங்கே விட்டுப் போனாள் என்று அதுவரை அழுதுகொண்டிருந்த அது, அழுகையை நிறுத்திக்கொண்டு வேலையைப் பார்த்தது. பக்கத்துப் பாத்ரூம் கதை அதற்கும் நினைவிருந்தது. அதனால் இந்தத் தடவை மறைக்கிற சத்தம் போடவில்லை. ஹாஸ்டலில்கூட அவ்வளவு பலமாக அது தடதடத்ததில்லை. வீட்டின் முன்னறை வரைக்கும் கேட்கட்டும் என்று தடதடத்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“குளிக்கிறேங்க!”

“காலையில அஞ்சு மணிக்கே குளிச்சாச்சே நீ.”

தண்ணீர் மக்கின் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. சகாயம் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

“திற, பெர்னி. குழாயை மூடாதே. நானும் உட்கார்றேன்.”