ஸ்பீடு போட்டில் ஓட்டை தேடியவர்

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் பிலோமியின் ஃபைபர் பட்டறை இருந்தது. பாறையில் மோதி வயிறு கிழிந்த படகு, வெயிலில் கிடந்து வெடித்த படகு, எதுவானாலும் அங்கேதான் வரும். ஆனால் படகை இறக்கிப் போட்டுவிட்டு, "எப்ப வந்து எடுக்கட்டும்?" என்று கேட்டுப் போகிற கதை அவளிடம் நடக்காது.

"படகு யாருதோ அவங்க கூட நின்னு வேலை செய்யணும். நான் சொல்லித் தருவேன்," என்பாள். "பட்டறைக்குள்ள இருக்க வரைக்கும் நான் மேஸ்திரி. வாசலைத் தாண்டிட்டா நீங்க அண்ணன், மாமா, சித்தப்பா, என்ன முறையோ அது."

அப்படித்தான் சந்தியாகு அவளிடம் சீடராகச் சேர்ந்தார். அவருடைய மூத்த மகளும் பிலோமியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். முதல் தடவை "மேஸ்திரி" என்று கூப்பிட அவருக்கு நாக்கு எழவில்லை. இரண்டாம் தடவை பழகிவிட்டது. கரையில் அவருக்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. சொன்னால் கோபம் வரும் என்பதால் இப்போதைக்கு விட்டுவைக்கிறேன்.

படகு அவருடையது இல்லை. தம்பி இஞ்ஞாசியுடையது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பழைய ஸ்பீடு போட். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இஞ்ஞாசி கடலில் வட்டமடிப்பான். ஒரு நாள் அந்த வட்டத்தில் பக்கத்து வீட்டுத் தொம்மையின் வலை சிக்கி அறுந்தது. தொம்மை கரையில் நின்று கத்தினான்: "இந்தப் போட் அழுகிப் போகும்லே!"

அதற்குப் பிறகு இஞ்ஞாசி பஹ்ரைனுக்குப் போய்விட்டான். போகும்போது அண்ணன் கையைப் பிடித்து, "போட்டைப் பாத்துக்கோ," என்றான்.

சந்தியாகு பார்த்துக்கொள்ளாமல் இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஏற்றி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார். நடுவில் மழைக்காலம் வந்து போனது. ஒரு தடவை கடலும் ஏறி காம்பவுண்டுவரை வந்தது. இப்போது மாதா திருவிழாவுக்கு இஞ்ஞாசி வருகிறான் என்றதும், அங்கங்கே கிழிந்திருந்த தார்ப்பாயைப் பிரித்தார். உள்ளே குளம்போல் தண்ணீர் நின்றது. வாளியால் இறைத்துப் பார்த்தால், தரைப்பலகை டீயில் முக்கின ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. அந்த நாற்றத்தைக் கேட்கவே வேண்டாம்.

ஐயோ என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கும்போதே முடிவோடு எழுந்தார். தொம்மைதான். அடியில் ஓட்டை போட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்க் கமிட்டி கூடும். அங்கே பேரைச் சொல்லிவிட வேண்டியதுதான். பேர் சொல்லப்பட்டு, குற்றம் ருசுவானால், அந்த ஆள் அந்த வருஷம் மாதா சப்பரத்துக்குத் தோள் கொடுக்க முடியாது. தொம்மையின் அப்பா தூக்கிய பின்மூலையைத் தொம்மைதான் இத்தனை வருஷமாகத் தூக்குகிறான். கடற்கரைக்காரனுக்கு அதைப் பிடுங்குவது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம்.

"எனக்கு ஓட்டையை மட்டும் காட்டிக் குடுங்க மேஸ்திரி," என்றார் சந்தியாகு. "மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

பிலோமி படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்பக்கம் குனிந்து எதையோ பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தேடுவோம்," என்றாள்.

அன்று முழுக்க சந்தியாகு டார்ச்சும் கையுமாகப் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கண்ணில் மணல் விழுந்ததுதான் மிச்சம்.

"கண்ணுக்குத் தெரியலையே மேஸ்திரி. வேற எப்படித் தேட?"

அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நாணயத்தை எடுத்துக் கொடுத்தாள். "தட்டுங்க. காதால தேடுங்க."

முன்பக்கம் தட்டினார். டக், டக் என்று கேட்டது. நடுவிலும் அப்படியே. பின்பக்கம் போகப் போகச் சத்தம் மாறி, தொப், தொப் என்றது. சந்தியாகுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இங்கதான்! இங்கதான் ஓட்டை!"

"இங்க தண்ணி," என்றாள் பிலோமி. "தண்ணி தங்கின இடம் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

மறுநாள் கிரைண்டர் போட்டுத் தரையை அறுத்தார்கள். தரைக்குக் கீழே அடைத்திருந்த ஃபோம் முழுக்க ஊறிக் கிடந்தது. எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. உள்கட்டைகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. ஒவ்வொரு துண்டாக அள்ளி வெளியே போடும்போது, தம்பி கட்டிய வீட்டை இடித்து அள்ளுவதுபோல அவருக்கு இருந்தது. கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

"பாத்தீங்களா? கடல் ஏறி வந்துச்சுல்லா, அப்ப அடியில இருக்க ஓட்டை வழியா உள்ள புகுந்திருக்கு. நான் சொல்லலை?"

பிலோமி ஒரு ஃபோம் துண்டை நீட்டினாள். "நாக்குல வச்சுப் பாருங்க."

"இதையா? சீ!"

"கேள்வி உங்களது. நாக்கும் உங்களதுதான் வேணும்."

விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். குமட்டிக்கொண்டு வந்தது. துப்பிவிட்டு நின்றவர், மறுபடி ஒரு தடவை தொட்டு வைத்தார். பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு, அது பொய் சொல்லுமா?

"கரிக்கலையே," என்றார் மெதுவாக.

"அப்ப?"

"மழைத் தண்ணி." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படின்னா தார்ப்பாயையும் அவன்தான் கிழிச்சிருக்கான்!"

பிலோமி சிரித்துவிட்டாள். "வெயில் கிழிச்சிருக்காதா?"

"வெயிலுக்கு எம்மேல என்ன கோவம்?"

அவள் ஃபோமை அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் தொம்மை வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றான். விஷயம் அவன் காதுக்கும் போயிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே படகில் போனவர்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசினார்கள்.

"ஓட்டை கெடச்சுதா?" என்று தொம்மை பட்டறைக் கூரையைப் பார்த்துக் கேட்டான்.

"கெடைக்கும்," என்று சந்தியாகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கெடச்சா என்னையும் கூப்பிடு. நானும் பாக்கணும். என்னத்துக்கு என்னைச் சப்பரத்தை விட்டு எறக்கப் போறீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கிடணும்லா."

குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. உடனே திரும்பிப் போய்விட்டான். சந்தியாகு கிரைண்டரை எடுத்து, அறுத்த இடத்தையே இன்னொரு தடவை அறுத்தார்.

"மேஸ்திரி, பேசாம அடிபூரா ஃபைபர் மேட் போட்டு ரெசின் பூசிருவோமா? எங்க ஓட்டை இருந்தாலும் அடைஞ்சிரும்லா."

"ஈரத்து மேலயா?"

"மேல காஞ்சுதான இருக்கு."

"உள்ள ஈரம் இருக்கையில மூடினா அது உள்ளயே இருந்து தின்னும். வெளிய பளபளன்னு இருக்கும். அடுத்த மழைக்குக் கொப்புளம் கொப்புளமா கிளம்பும்." அவள் கூடையைத் தூக்கினாள். "மொதல்ல ஓட்டையைத் தேடி முடிப்போம். நீங்க அதுக்குத்தான வந்தீங்க?"

சனிக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் கமிட்டி.

அழுகியதெல்லாம் போய், படகு வெறும் ஓடாக மரக்கட்டைகள்மேல் நின்றது. பிலோமி போர்த் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"ரொப்புங்க."

"எதுல?"

"படகுல. வெளியேருந்து உள்ள வர வழி இருந்தா, உள்ளேருந்து வெளிய போகவும் அதே வழி இருக்கும்லா? சொட்டுற இடத்துல ஓட்டை."

அடடா என்றிருந்தது சந்தியாகுவுக்கு. இதை முதல் நாளே செய்திருக்கலாமே! படகை நிரப்பினார். அடியில் காய்ந்த மணலைப் பரப்பினார். ஒரு சொட்டு விழுந்தாலும் மணல் காட்டிக்கொடுத்துவிடும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூண்டில்காரன் மிதவையைப் பார்ப்பதுபோல மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. சாப்பாட்டு நேரம் போனது. மணல் காய்ந்தே கிடந்தது. படகு புதுப் பானை மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஒரு பொட்டு வரலையே மேஸ்திரி!" அவர் குரல் கிறீச்சிட்டது. "ஓட்டையே இல்லையா? அப்புறம் எப்படி? அப்புறம் எப்படித்தான் இந்தப் போட் அழுகிச்சு?"

ஓட்டை கிடைக்காத கோபம் போய், இப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தொம்மையைக்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனார்.

"காலி பண்ணுங்க, யோசிப்போம்," என்று பிலோமி கட்டன்சாயாவோடு ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்தாள்.

சந்தியாகு வாளியை எடுத்துக்கொண்டு படகுக்குள் ஏறினார். படகில் தண்ணீரைக் கண்டால் கடல்காரன் கை தானாக வாளிக்குப் போகும். மொண்டு ஊற்றினார், மொண்டு ஊற்றினார். வேர்வை கொட்டியது. முக்கால்வாசி போன பிறகு வாளி முங்கவில்லை. சிரட்டையால் அள்ளினார். பிலோமி சாயாவை உறிஞ்சியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கவா?" என்றாள்.

"கேளுங்க."

"இப்ப நீங்க கடல்லயா இருக்கீங்க, கரையிலயா?"

"என்ன கேள்வி இது? கரையிலதான்."

"கரையில இருக்க படகுக்கு என்னத்துக்கு இறைக்கீங்க?"

சிரட்டை பாதி வழியில் நின்றது.

ஃபைபர் படகு எதுவானாலும் பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை உண்டு, கட்டும்போதே வைப்பது. கடலில் இறக்கும்போது அதில் தக்கையை அடைப்பார்கள். கரையேற்றியதும் உருவிவிடுவார்கள். உள்ளே இருக்கிற தண்ணீர், மேலே பெய்கிற மழை, எல்லாம் அது வழியாக வடிந்துவிடும். கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

சந்தியாகுவுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். வாலிபத்தில் ஒரு நாள், ஊரே கரையில் நிற்க, தக்கையை அடைக்காமல் படகைக் கடலில் இறக்கினார். நடு அலையில் படகு நிறைந்து நின்றது. அன்றிலிருந்து அவர் 'தக்கை சந்தியாகு'. நான் சொல்லாமல் விட்டேனே, அந்தப் பட்டப்பெயர் இதுதான். அன்று அவரோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சிரித்துக்கொண்டே இறைத்துக் கொடுத்தவன் தொம்மை. அதற்குப் பிறகு சந்தியாகு கைபட்ட படகில் தக்கை இல்லாமல் இருந்ததே கிடையாது. ஏற்றினாலும் சரி, இறக்கினாலும் சரி, முதல் வேலை அதுதான்.

படகிலிருந்து இறங்கினார். பின்பக்கம் போய் மண்டியிட்டார். கையை உள்ளே விட்டுத் தடவினார்.

இருந்தது. நழுவிவிடக் கூடாதென்று கிரீஸ் தடவி, டேப் சுற்றி, தம்பியின் படகாயிற்றே என்று இரண்டு மடங்கு இறுக்கி அடைத்த தக்கை. அவரே சுற்றிய சுற்று. அவர் கை அதைத் தெரிந்துகொண்டது.

பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் முறுக்கி இழுத்தார். தக்கை கழன்று வந்ததும், மிச்சம் கிடந்த தண்ணீர் ஓவென்று அவர் மடியில் கொட்டி, மணலில் ஓடி, வாசல்வரை போனது.

அவர் எழுந்திருக்கவே இல்லை. ஈர வேட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மொத நாளே பாத்துட்டீங்களா மேஸ்திரி?"

"பாத்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா, அதையும் தொம்மைதான் அடைச்சான்னு சொல்லியிருப்பீங்க."

சந்தியாகுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவர் அழுதுவிட்டார். பிலோமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சாயா டம்ளரைக் கழுவினாள்.

பொழுது சாய்ந்ததும் தக்கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டியவர், போகாமல் நின்றார்.

"இஞ்ஞாசிகிட்டக்கூட சொல்லிருவேன். அவன் என் தம்பி, ரெண்டு சத்தம் போடுவான், போயிரும். இந்தத் தொம்மை மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்? அவன்கிட்ட என்னத்தச் சொல்ல?"

பிலோமி வாசல்வரை வந்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். தக்கையை அவன் கையில குடுத்துட்டு, 'ஏலே தொம்மை, உண்மையிலேயே ஒரு ஓட்டை போட்டிருக்கக் கூடாதா, தம்பி போட் பிழைச்சிருக்குமே'ன்னு கேளுங்க மாமா."