கொட்டும் தூரம்

"அம்மா, இன்னைக்காவது எனக்குக் காவி குடுங்க. எனக்கு யாரும் வேண்டாம்."

ஆவுடையப்பன் கைகட்டி நின்றார். மலையடி மடத்தின் குரு வடிவம்மை அவரைவிட வயதில் இளையவர். அதனால் என்ன? ஞானத்துக்கு யார் ஜாதகம் பார்த்தார்கள்?

"யாருமே வேண்டாமா?"

"வேண்டாம்மா."

"வாசல்ல ஒரு பிள்ளை வெயில்ல நிக்காளே, அவ?"

ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பிரம்மசக்தி. செத்துப்போன என் தம்பிக்கு மக. மறுபடியும் வந்து நிக்கா. பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். நான் காவி கட்டிட்டா பேசாமப் போயிருவா."

"ஏன், பாத்தா என்ன?"

"அவ அப்பன் என்ன பண்ணினான் தெரியுமா? கோயில் நகையை எடுத்தது நான்தான்னு ஊர்க்கூட்டத்துல பொய்ச்சாட்சி சொன்னான். ஒரே தட்டுல சோறு தின்னு வளர்ந்தவன்மா! சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?"

அன்றிலிருந்து அவர் ஒருத்தர் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. கல்யாணம், சாவு, எதற்கும் இல்லை. சமைத்ததை ருசி சொல்ல ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். சில நாள் தன் குரலைக் கேட்பதற்காகவே இருமுவார். அந்தப் பாழாய்ப்போன தனிமைக்கு நிம்மதி என்று பெயரும் வைத்துக்கொண்டார்.

"சரி, வாங்க" என்று வடிவம்மை எழுந்தார்.

மடத்துக்குப் பக்கத்தில் முருங்கை பூத்துக் கிடந்தது. தாழ்ந்த கிளையில், பூங்கொத்து முழுக்கக் கருநீலமாய் மின்னும் பூச்சிகள்.

"இது என்ன?" என்றார் வடிவம்மை.

"வண்டு."

"அதுல ஒண்ணு குளவி. வண்டு மாதிரியே இருக்கும். எதுன்னு சொல்லுங்க, காவி தாரேன்."

ஆவுடையப்பன் சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

வடிவம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கன நின்னா எப்படித் தெரியும்?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. அடையாளம் ஏதும் உண்டாம்மா?"

"வண்டுக்கு முதுகுல ரெண்டு ஓடு. ரெண்டும் சேருற இடத்துல நேரா ஒரு கோடு ஓடும். குளவிக்கு ஓடு கிடையாது. மடிச்சு வச்ச இறக்கைதான்."

ஆவுடையப்பன் கண்ணை இடுக்கினார். கோடு தெரியவில்லை. ஓரடி வைத்தார். அப்போதும் தெரியவில்லை.

"இன்னும் கிட்டப் போனா கொட்டிருமே!"

"கொட்டலாம்" என்றார் வடிவம்மை.

ஆறுதலாய் ஒரு வார்த்தை சொன்னால் என்ன, இந்த அம்மாவுக்கு? ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனார். முகம் பூவில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

கோடு. இன்னொன்று, அதற்கும் கோடு. அடுத்ததற்கும்.

ஓரத்தில் ஒன்றுக்கு மட்டும் கோடில்லை. இடுப்பு நூலாய் ஒடுங்கியிருந்தது. தலையில் உணர்கொம்பு துடித்தது. அதுபாட்டுக்குத் தேன் குடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா! இதுதான்! இதுதான் குளவி!"

"அப்போ மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் வண்டுதான்மா. ஒண்ணும் செய்யாத வண்டு."

 

வடிவம்மை உள்ளே போய்க் காவித்துணியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். சொன்ன சொல் தவறாதவர்.

பிறகு வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தா நிக்காளே, அவ வண்டா, குளவியா?"

ஆவுடையப்பன் பார்த்தார். வெயிலில் கண் கூசியது. ஒரு சேலையும் ஒரு குடையும்தான் தெரிந்தன.

மறுபடியும் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இங்கன இருந்து தெரியலையேம்மா" என்றார்.

காவித்துணியை வடிவம்மையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தார்.